தலைமேல் சத்தியம்

நர்ஸ் விடுதி, சித்தூர்
12-7-1959

நைனாவுக்கு தாட்சாயணி எழுதுவது.

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்ததாக அத்தை கார்டு போட்டிருந்தாள். ஒரே வரிதான். "உங்க நைனா வந்துட்டாரு, தூங்கினு கீறாரு." அந்த வரி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது இறங்குகிறது. அதோடு கோபமும் வந்துவிட்டது, எழுதிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி கேட்டில் நீங்கள் விழுந்ததை விடுதி முழுக்கப் பார்த்தது. வாட்ச்மேன் உள்ளே விடமாட்டேன் என்றதும், "என் பொண்ணு இங்க டாக்டர் மாதிரிடா, வுடுடா" என்று கத்தினீர்களாம். நான் டாக்டர் இல்லை நைனா. நர்ஸ் படிப்பு முடித்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் ஓடி வந்தபோது நீங்கள் கனகாம்பரப் பொட்டலத்தின் மேலேயே விழுந்து கிடந்தீர்கள். எனக்கென்று நகரியில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த பூ. வாழையிலையோடு நசுங்கிப் போயிருந்தது. அதைப் பார்த்துத்தான் அழுதேன், வெட்கத்தில் அல்ல. சரி, வெட்கத்திலும்தான்.

உங்களைத் தூக்கி உட்காரவைத்துச் செருப்பைக் கழற்றினேன். கணுக்காலில் என் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன். பிசைந்த மாவில் அழுத்தியது போலப் பள்ளம் அப்படியே நின்றது. "சதை புடிச்சிக்கினு கீது, எல்லாம் உங்க அத்தை சமையல்" என்று சிரித்தீர்கள். அது சதை இல்லை, நீர். உங்கள் உள்ளங்கைகள் இரண்டும் சிவந்து கிடந்தன. கண்ணின் வெள்ளையில் மஞ்சள் ஓடியிருந்தது. இதையெல்லாம் வேறு யாருடைய உடம்பில் பார்த்திருந்தாலும் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன்.

எங்கள் ஆண்கள் வார்டில் பலமனேர் காய்கறி மண்டிக்காரர் ஒருவர் இருந்தார். உங்கள் வயதுதான். கை கால் குச்சி, வயிறு மட்டும் நிறைமாதம் போல. சாராயம் தலைக்கு ஏறுகிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அதன் பாரமெல்லாம் கல்லீரலின் மேல்தான் விழுகிறது. உள்ளே போகிற விஷத்தை முறிப்பது அதன் வேலை. வருஷக்கணக்கில் முறித்து முறித்து அது முதலில் வீங்குகிறது, அப்புறம் சுருங்கிக் கட்டி தட்டிப் போகிறது. அதற்குள் ஓட வேண்டிய ரத்தம் வழியில்லாமல் தேங்குகிறது. வயிற்றில் நீர் கோர்க்கிறது. தொண்டைக்குக் கீழே ரத்தக் குழாய்கள் புடைத்துக்கொண்டே வந்து ஒரு நாள் வெடிக்கின்றன. அவருக்குப் போன வாரம் வெடித்தது. நான்தான் பேசின் பிடித்தேன். ஒரு பேசினில் அடங்கவில்லை. அவர் மனைவி குழாயடியில் டம்ளர் கழுவப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது நான் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டம்ளர் கையில் இருக்க, அவள் என்னிடம், "இன்னாம்மா, தூங்கறாரா?" என்று கேட்டாள்.

நைனா, எனக்கு அம்மாவும் இல்லை. குடிக்காதீர்கள்.

தாட்சாயணி

---

கரையாம்பாளையம், நகரி வழி
21-7-1959

அம்மாடி தாட்சாயணி,

லெட்டர் வந்தது. பாதி படித்து மடித்து வைத்துவிட்டேன். உங்க அத்தை பச்சையம்மா விடவில்லை. "மீதியும் படிண்ணா, பொண்ணு இன்னா சொல்லுதுன்னு கேக்கணும்" என்றாள். உரக்கப் படித்தேன். பேசின் வந்த இடத்தில் அவள் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். ஏம்மா, இப்படியா பெற்றவனுக்கு எழுதுவார்கள்? அன்றைக்கு ராத்திரி சோறு துன்ன முடியவில்லை.

நீ படித்த பிள்ளை. நான் அஞ்சாவதோடு ஏர் பிடித்தவன். ஆனாலும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாள் முழுக்க வேர்க்கடலைக் கொல்லையில் குனிந்து எழுகிறவனுக்கு ராத்திரியில் இடுப்பு என்று ஒன்று இருப்பதே தெரியக் கூடாது. அதுக்குத்தான் ஒரு கிளாஸ். மதராஸ் சர்க்கார் குடிக்காதே என்றது, ஆந்திரா சர்க்காரும் குடிக்காதே என்கிறது. எல்லை பிரிக்கிறோம் என்று நம்ம ஊரை இந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் தள்ளினாலும் அது ஒன்று மட்டும் மாறாது. மலையடியில் காய்ச்சுகிற பானையும் மாறாது. நான் ஒருத்தன் மாறி என்ன ஆகப் போகிறது?

என் கை நடுக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன், கேள். காலையில் எழுந்தால் நடுங்குகிறது, நிஜம்தான். காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஒரு மடக்கு உள்ளே போனால் டக்கென்று நின்றுவிடுகிறது. நோயைக் கொடுக்கிறது என்கிறாயே, எனக்கு அது நோயை நிறுத்துகிறது. மருந்து இல்லாமல் வேறென்ன அது? உன் டாக்டரைக் கேள்.

உங்கம்மா செங்கம்மா இருந்தபோது நான் இப்படிக் குடித்தேனா? திருவிழாவுக்கு, கல்யாணத்துக்கு, அவ்வளவுதான். அவள் போன பிறகு வீட்டில் சாயங்காலம் ரொம்ப நீளமாகிவிட்டது. இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், கை எழுதிவிட்டது.

கேட்டில் நீ அழுததை நான் பார்த்தேன். குடித்தவனுக்கு ஒன்றும் நினைவிருக்காது என்று எண்ணிக்கொண்டிருக்கிறாய். எல்லாம் நினைவிருக்கிறது.

நைனா
துலுக்காணம்

---

சித்தூர்
3-8-1959

நைனாவுக்கு,

குடித்தால் நடுக்கம் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் நைனா நோயே. உங்கள் நரம்பு அதில்லாமல் நிற்கப் பழகவில்லை. அதை மருந்து என்கிறீர்களே, எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இனி இன்றைக்கு மட்டும், திருவிழாவுக்கு மட்டும், இடுப்பு வலிக்கு மட்டும் என்று எந்தப் பேச்சும் வேண்டாம். ஒரேயடியாக விடுங்கள். நாளைக்கு என்று சொல்லாமல் விடுங்கள். நீங்கள் விட்டுவிட்டேன் என்று எழுதுகிற வரைக்கும் நான் ஊருக்கு வரமாட்டேன், கடிதமும் போடமாட்டேன். அம்மா திதிக்கும் வரமாட்டேன். எனக்குப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

தாட்சாயணி

---

கரையாம்பாளையம்
20-9-1959

அம்மாடி,

ஆடியும் போய் ஆவணியும் போயிற்று. சொன்னபடியே ஒரு கார்டுகூடப் போடவில்லை நீ. உங்கம்மா திதிக்கு இலை போட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். காக்காய்தான் வந்தது. சரி, நீ ஜெயித்தாய்.

நேற்று புரட்டாசி முதல் சனிக்கிழமை. விடியக்காலையில் தலைமுழுகி, நாமம் போட்டு, துளசி மாலையும் போட்டுக்கொண்டேன். மஞ்சள் துணியில் காசு முடிந்து பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். நீ வெள்ளைத் தொப்பியோடு எடுத்து அனுப்பினாயே ஒரு போட்டோ, அதை இறக்கிப் படத்தின் பக்கத்தில் வைத்து, அதில் உன் தலைமேல் கையை வைத்துச் சொன்னேன். "இனிமே ஒரு சொட்டு என் தொண்டையில எறங்கினா, இந்தத் தலை எனக்கு இல்ல." பச்சையம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னாண்ணா, பொண்ணு தலைமேலயா வச்ச?" என்றாள். வேறு எதன்மேல் வைப்பது? நிலத்தின்மேல் வைத்தால் நான் உடைத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஒரு முழு நாள் ஆயிற்று. சொட்டு இறங்கவில்லை. கை ரொம்ப ஆடுகிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். வேட்டி நனைகிற அளவுக்கு வேர்க்கிறது. தூக்கம் கிட்டவே வரவில்லை. பரவாயில்லை. தபால்காரர் செவ்வாய்க்கிழமைதான் வருவார். அதுவரை இதை மடித்து வைக்கிறேன்.

செவ்வாய். தாட்சாயணி சுவர் முழுக்க எறும்பு. கருப்பு எறும்பு. பச்சையம்மா இல்லை என்கிறாள், அவளுக்குக் கண் போய்விட்டது. நேற்று உடம்பு ஒரே உதறல், விழுந்தேனாம், நாக்கில் ரத்தம். எழுந்தால் எதிரில் கற்பூரம். தெலுங்குத் தெரு ரங்கையா நாயுடு என் காலில் விழுகிறார். எனக்குச் சிரிப்பு. பெருமாள் வந்திருக்கிறாராம் என்மேல். புரட்டாசி சனிக்கிழமை விரதம் பிடித்தவன், வராமல் இருப்பாரா. தேங்காய் உடைக்கிறார்கள். சங்கு சத்தம் நிற்கவே இல்லை, உனக்குக் கேட்கிறதா. நாயுடு கேட்கிறார், "மன ஊரு ஏ பக்கம் போதுந்தி சாமி?" ஆந்திராவா மதராஸா என்று என்னைக் கேட்கிறார். எறும்பெல்லாம் தெக்கால போவுது என்றேன். தெக்கே மதராஸ்தானே, தமிழ்த் தெருவில் ஒரே ஆரவாரம்.

உங்கம்மா கதவு கிட்ட நிற்கிறாள். உள்ள வா என்றால் வரமாட்டேன் என்கிறாள்.

சொட்டு இறங்கவில்லை. உன் தலை

---

கரையாம்பாளையம்
28-10-1959

தாட்சாயணி,

ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லாமல் வந்துவிட்டேன். தேடியிருப்பாய். கோபத்தில் வரவில்லை, பயத்தில் வந்தேன். முதலில் ஒன்று கேட்கிறேன், இதற்கு மட்டும் உடனே பதில் போடு. உனக்குத் தலைவலி உண்டா? ஜுரம் ஏதாவது வந்ததா? படி ஏறும்போது மயக்கம்?

பாதியில் நின்ற அந்த லெட்டரைப் பச்சையம்மா தபாலில் போட்டதும், அதைப் பார்த்துவிட்டு நீ ஓடி வந்ததும் எனக்கு நினைவில்லை. பச்சையம்மா சொல்லித்தான் தெரியும். ஊரே வண்டியை மறித்ததாம். சாமி ஏறிய உடம்பை ஊசி குத்துகிற இடத்துக்குக் கொண்டுபோனால் மழை வராது என்று நாயுடு சொன்னாராம். நீ அவர் கையைப் பிடித்து என் நெற்றியில் வைத்து, "சாமிக்கு இவ்ளோ ஜுரம் அடிக்குமா, நீங்களே சொல்லுங்க" என்றாயாம். அவர் கையை எடுத்துக்கொண்டு வழிவிட்டாராம். உன்னைப் பெற்றதற்கு எனக்கு அந்த ஒரு பேச்சே போதும்.

ஆனால் அப்புறம் நடந்ததை நீ எனக்குச் சொல்லவில்லை. வார்டு பெருக்குகிற சிட்டிபாபு சொன்னான். அவன் சூது வாது இல்லாதவன், என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னான். "பெத்தாயனா, ஊருக்கே மதுவிலக்கு, உனக்கு மட்டும் சர்க்கார் பிராந்தி! ஸ்பூன் ஸ்பூனா ஊத்தினாங்களே" என்றான்.

அப்போதே கட்டிலை விட்டு இறங்கிவிட்டேன். சொட்டு இறங்கினால் என்று நான் சொன்னது உன் தலைமேல் அம்மா. எனக்கு நினைவிருந்தாலும் இல்லாவிட்டாலும் இறங்கியது இறங்கியதுதானே? பெருமாள் ஸ்பூனா கிளாஸா என்று பார்ப்பாரா? சத்தியம் உடைந்தால் அது யார் தலையில் வைத்ததோ அந்தத் தலைக்குத்தான் வரும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

நீ என் பையில் வைத்திருந்த பாட்டில் மருந்துகளைக் கொல்லையில் புதைத்துவிட்டேன். அதிலும் ஸ்பிரிட் வாடை வந்தது. இனி நான் ஒரு வேளை சோறு, அதுவும் உப்பில்லாமல். சனிக்கிழமை தண்ணீர் மட்டும். பெருமாள் மனசு இறங்குகிற வரைக்கும்.

முதலில் கேட்டதற்குப் பதில் போடு.

நைனா

---

சித்தூர்
4-11-1959

நைனாவுக்கு,

எனக்குத் தலைவலி இல்லை. ஜுரம் இல்லை. மயக்கம் இல்லை. நேற்று ஆஸ்பத்திரி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறிப் பார்த்தேன், மேட்ரன் திட்டினாள், அவ்வளவுதான். என்னை விடுங்கள்.

உங்கள் கட்டில் காலியாக இருந்ததைப் பார்த்து நான் கிணற்றடி, பஸ் ஸ்டாண்டு என்று எங்கெல்லாம் ஓடினேன் தெரியுமா? பாவம், சிட்டிபாபு அழுதுகொண்டே என் பின்னால் வந்தான்.

உங்களுக்கு நடந்தது என்ன என்று டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சாராயம் நரம்பை அமுக்கி வைக்கிறது. தினமும் அமுக்க அமுக்க, நரம்பும் அதற்கு எதிராகத் தினமும் முட்டிக்கொண்டே நிற்கப் பழகுகிறது. அமுக்குகிற கையைச் சட்டென்று எடுத்துவிட்டால் அது தறிகெட்டு ஓடும். நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை, வலிப்பு, ஜுரம், இல்லாத எறும்பு, இல்லாத சங்கு, எல்லாம் அதனால்தான். பத்து வருஷமாகத் தினமும் குடித்த உடம்பை ஒரே நாளில் நிறுத்தினால் செத்தும் போகலாம். அதனால்தான் டாக்டர் தூக்க ஊசியோடு அளந்து பிராந்தி கொடுத்தார், ஒவ்வொரு நாளும் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார். அந்த ஸ்பூனைப் பிடித்தது நான்தான். மறுபடி அதே நிலைமை வந்தாலும் பிடிப்பேன்.

ஒரேயடியாக விடுங்கள் என்று எழுதியதும் நான்தான். குடியின் கேடெல்லாம் தெரிந்த எனக்கு, விடுவதிலும் கேடு இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டது.

சாமி வரவில்லை நைனா. ஊர் உங்கள் வலிப்புக்குத் தேங்காய் உடைத்தது. நான் இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் அந்தக் கற்பூரத்தின் முன்னாலேயே போயிருப்பீர்கள்.

இப்போது உங்களை மிரட்டுவது கல்லீரல். பாதி கெட்டுவிட்டது, மீதி பாதி நல்லபடியாக இருக்கிறது என்றார் டாக்டர். உப்பில்லாமல் இருங்கள், அது சரி. ஆனால் பட்டினி கிடந்தால் அந்த மீதியும் போய்விடும். பால், முட்டை, பருப்பு சாப்பிட வேண்டும். நீர் இறங்க ஊசி போட வேண்டும். டானிக்கில் மருந்து கெடாமல் இருக்கத் துளி ஸ்பிரிட் கலக்கிறார்கள்தான். அதற்குப் பதிலாக மாத்திரை வாங்கித் தருகிறேன். வந்துவிடுங்கள்.

தாட்சாயணி

---

கரையாம்பாளையம்
22-11-1959

அம்மாடி,

நீ நன்றாக இருக்கிறாய் என்று படித்தேன். படித்த அன்று நிம்மதியாக இருந்தது. மறுநாள் மறுபடி பயம். இன்றைக்கு இல்லை என்றால் நாளைக்கு என்று இருக்குமே.

நீ சொன்ன நரம்புக் கணக்கெல்லாம் எனக்குப் புரிகிறது. நான் மடையன் இல்லை. எறும்பு பொய், சங்கு பொய், சரி. உங்கம்மா வந்து நின்றதும் பொய்தான் என்றால், அதுவும் சரி. ஆனால் போட்டோவில் உன் தலைமேல் நான் கை வைத்தபோது எனக்கு ஜுரம் இல்லை, நல்ல புத்தியோடுதான் வைத்தேன். அது பொய்யில்லையே? அதை எந்த டாக்டர் எடுத்துவிடுவார்?

வயிறு வேட்டிக்குள் அடங்கவில்லை. பச்சையம்மா தினமும் அழுகிறாள். கால் இரண்டும் தூண். மூச்சு வாங்குகிறது. படுத்தால் வாங்குகிறது என்று சுவரில் சாய்ந்தே இருக்கிறேன். உன் மண்டிக்காரர் கதை நினைவுக்கு வருகிறது. டம்ளர் கழுவப் போகிற வேலையைப் பச்சையம்மாவுக்குக் கொடுக்காதே என்று பெருமாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மாத்திரையும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு தரம் என்னை அறியாமல் உன் தலையை வைத்து ஆடிவிட்டேன். அறிந்து இரண்டாம் தரம் ஆடமாட்டேன். எனக்கு வயசாயிற்று, ஒருத்தர் போக வேண்டும் என்றால் அது நானாக இருக்கட்டும். நீ அழாதே. திட்டி வேண்டுமானால் ஒரு லெட்டர் போடு, உன் திட்டு எனக்குப் பிடிக்கும்.

நைனா

---

தேவஸ்தான சத்திரம், திருப்பதி
13-12-1959

நைனாவுக்கு,

உங்களைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை.

என் தலைக்கு ஒன்றும் வரக்கூடாது என்று நீங்கள் சாகத் துணிந்துவிட்டீர்கள். இதற்கு நான் புத்தகத்தைக் காட்டி என்ன பதில் சொல்ல? டாக்டரிடம் கேட்டேன், "உங்க அப்பாவை யாராவது சம்மதிக்க வைங்க, நாள் கடத்தாதீங்க" என்றார். யாரைக் கேட்பது? ராத்திரி முழுக்க யோசித்தேன். நீங்கள் யார் முன்னால் சத்தியம் செய்தீர்களோ அவரையே கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணினேன். மேட்ரனிடம் லீவு சொல்லிவிட்டு வந்தேன். நேற்று அலிபிரியிலிருந்து நடந்தே மலை ஏறினேன்.

அன்றைக்கு உங்களை வார்டில் சேர்த்தபோது இடுப்பிலிருந்து அவிழ்த்த மஞ்சள் துணி என்னிடம்தான் இருந்தது. முடிச்சைப் பிரிக்காமல் உண்டியலில் சேர்த்துவிட்டேன். அதற்கு முன்னால், முடி இறக்குகிற கல்யாணகட்டாவுக்குப் போனேன்.

நைனா, நம் வீட்டில் பிள்ளைக்கு உடம்புக்கு ஆகாவிட்டால் என்ன சொல்லி வேண்டிக்கொள்வோம்? உசிரைக் குடு, முடியைத் தரேன் என்றுதானே? தலைக்கு ஈடாகத்தானே முடியை வாங்கிக்கொள்கிறார்? நீங்கள் வைத்தது என் தலையை. அதற்கு ஈடு நான் கொடுத்துவிட்டேன். நாவிதர் பின்னலைப் பார்த்து, "மூணு கத்திரி போதுமா, பூரா எடுக்கணுமா தல்லி?" என்று கேட்டார். பூராவும் என்றேன். அம்மா எண்ணெய் தேய்த்து வளர்த்த முடி. தரையில் விழுந்தபோது ஒரு நிமிஷம் குனிந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

ஈரத்தலையோடு சன்னிதியில் நின்று சத்தமாகவே சொன்னேன். "என் நைனா இந்தத் தலையை உங்களிடம் அடமானம் வைத்தார். முடியைக் கொடுத்து மீட்டுக்கொண்டேன். இனி இது அவர் சத்தியத்தில் இல்லை. அவர் மருந்து குடித்தால் என்னை ஒன்றும் செய்யாதீர்கள்."

நான் இதை நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். கத்தி ஓடும்போது நம்பினேன்.

வியாழக்கிழமை பஸ்ஸில் மருந்தோடு வருகிறேன். தலையைத் தொட்டுப் பாருங்கள். அப்புறம் வாயைத் திறங்கள்.

தாட்சாயணி

---

கரையாம்பாளையம்
10-4-1960

அம்மாடி தாட்சாயணி,

எழுத்தைப் பார். கை ஆடவில்லை. இதைக் காட்டத்தான் இந்த லெட்டர், மற்றதெல்லாம் சும்மா.

முட்டை தினமும் பச்சையம்மா அவித்துத் தருகிறாள். உப்பில்லாத குழம்பை ஊரில் ஒருவர் துன்னமாட்டார், நான் துன்கிறேன். தை மாதம் உன் ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஊசி சொருகி நீர் எடுத்தபோது வாளியைப் பார்க்காதீர்கள் என்றாய். நான் பார்த்தேன். அத்தனையும் என் வயிற்றிலா என்று இருந்தது. அதற்கப்புறம் இரண்டாம் தடவை எடுக்க வேண்டி வரவில்லை. கால் இறங்கிவிட்டது. கட்டைவிரலை அழுத்திப் பார்த்தேன், பள்ளம் இருக்கிறது, ஆனால் மெதுவாக மேலே வந்துவிடுகிறது.

ஊர்ச் சமாச்சாரம். ஒன்றாம் தேதி எல்லை பிரித்து முடித்தார்கள். நம்ம ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. என் எறும்பு தப்பான பக்கம் போயிருக்கிறது. தமிழ்த் தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ரங்கையா நாயுடு மட்டும், "நுவ்வு சாமிவி காது, மஞ்சி மனிஷிவி" என்று பீடி கொடுத்தார், நீ சாமி இல்லை, நல்ல மனுஷன் என்று. சாமியாக இருந்ததைவிட இது சௌகரியமாக இருக்கிறது. மலையடியில் பானை அப்படியேதான் இருக்கிறது. சாயங்காலம் காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் வாடை வருகிறது. ஆசை போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். தொண்டை கேட்கிறது. எழுந்து பச்சையம்மாவிடம் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் என் முகத்தைப் பார்த்து, முறத்தை நீட்டி அரிசியில் கல் பொறுக்கச் சொல்வாள்.

இப்போது நான் யார் தலையையும் வைக்கவில்லை. சத்தியம் எதுவும் பண்ணவில்லை. சும்மா குடிக்காமல் இருக்கிறேன்.

மார்கழியில் நீ வந்து முக்காட்டை எடுத்தபோது பச்சையம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நான் கையை வைத்தேன். உனக்கு ஒரு வயதில் முதல் முடி எடுத்தபோது மடியில் வைத்திருந்தேனே, அதே தலை. அதே இடத்தில் அந்தச் சின்னப் பள்ளம். நீ மருந்தை ஊற்றினாய். அதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அழுகிற மகள் கையிலிருந்து வந்தது, குடித்தேன்.

போன முறை டாக்டர் என்னைத் தனியே உட்காரவைத்துச் சொன்னார். போன பாகம் போனதுதான், திரும்ப முளைக்காது. இருக்கிறதை வைத்து ஓட்ட வேண்டும். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். நீ எனக்குச் சொல்ல வேண்டாம்.

எனக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி. அன்றைக்குக் கேட்டில் உன் பூவின்மேல் விழுந்தேனே, அது என்னை விடமாட்டேன் என்கிறது. கனகாம்பரம் வாங்கிக்கொண்டு நிதானமாக நடந்து வந்து உன் கையில் கொடுக்க வேண்டும். இப்போது கொடுத்தால் எங்கே வைப்பாய்? பூ நிற்கிற அளவுக்கு முடி வளர்ந்ததும் ஒரு கார்டு போடு. அது வரைக்கும் இருக்கப் பார்க்கிறேன்.

நைனா

---

சித்தூர்
19-9-1960

நைனாவுக்கு,

முடி காதைத் தாண்டிவிட்டது. கொண்டை ஊசி குத்தினால் பூ நிற்கும். பஞ்சைச் சரம் போல உருட்டி வைத்துப் பார்த்துவிட்டேன், விழவில்லை. வருகிற சனிக்கிழமை எனக்கு டூட்டி இல்லை. அத்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கேட்டுக்கு முன்னால் படி இருக்கிறது, மெதுவாக ஏறுங்கள், அவசரம் ஒன்றுமில்லை. வாட்ச்மேனிடம் சொல்லிவைத்திருக்கிறேன், கேட்டைத் திறந்துவிடுவார். நான் அங்கேயே நிற்கிறேன்.

தாட்சாயணி